எலிக் கல்லீரல், சிறுநீரகச் செல் கூறுகள்: பிரிப்பதும், பிரித்தது எதுவெனக் கணக்கிட்டு அறிவதும்

சென்ட்ரிஃபியூஜ் குழாயின் அடியில் பழுப்பு நிறத்தில் ஒரு படிவு கிடக்கிறது. குறிப்பேட்டில் அதை ‘மைட்டோகாண்ட்ரியா’ என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் அந்த வேகத்தில், அந்த நேரத்துக்குள் எவையெல்லாம் அடியில் இறங்கினவோ அவையெல்லாம் அதில் கலந்திருக்கும். மைட்டோகாண்ட்ரியா பெரும்பங்கு, கூடவே லைசோசோம், பெராக்சிசோம், கிழிந்த எண்டோபிளாச வலையின் துண்டுகள், செல் சவ்வு. எது எவ்வளவு என்பதை அடையாள நொதிகளின் (ஒவ்வொரு கூறிலும் சிறப்பாகக் காணப்படும் நொதிகளின்) கணக்குதான் சொல்லும். ஆகவே பிரிக்கும் முறையையும் அந்தக் கணக்கையும் இங்கே சேர்த்தே தருகிறோம். கணக்குப் போடாத படிவை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

எதை அளக்கப் போகிறீர்கள்?

பஃபர் கரைப்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிட வேண்டும். வேலையின் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வந்துதான் கரைசலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ், அமில பாஸ்படேஸ், சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸ் ஆகிய மூன்றையும் வெளிவரும் பாஸ்பேட்டைக் கொண்டுதான் அளக்கிறோம். அதனால் அரைக்கும் கரைசலில் பாஸ்பேட் பஃபர் இருக்கவே கூடாது. கார பாஸ்படேஸ் துத்தநாகம் கொண்ட நொதி. உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் இ.டி.டி.ஏ. அந்தத் துத்தநாகத்தைப் பிடுங்கிவிடும், செயல்பாடு படிப்படியாகச் செத்துப்போகும். கேட்டலேஸை அளக்கப் போகிறீர்கள் என்றால், பூஞ்சை வராமல் இருக்கச் சோடியம் அசைடு போட்டு வைத்த பழைய பஃபரைத் தொடாதீர்கள். அசைடு கேட்டலேஸை நேரடியாகத் தடுக்கும். மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசத்தை அளக்க அல்புமின் சேர்ப்பவர்கள், கடைசிக் கழுவலை அல்புமின் இல்லாத கரைசலில் செய்ய மறந்தால், அந்த அல்புமினையும் மைட்டோகாண்ட்ரியப் புரதமாகவே எண்ணிவிடுவார்கள்.

பொதுவான வேலைக்கு ஏற்ற கரைசல் இது: 0.25 மோலார் சுக்ரோஸ், 10 மில்லிமோலார் ட்ரிஸ்-ஹைட்ரோகுளோரிக் அமிலம், 1 மில்லிமோலார் இ.டி.டி.ஏ., பிஎச் 7.4. ஒரு லிட்டருக்குச் சுக்ரோஸ் 85.6 கிராம், ட்ரிஸ் 1.21 கிராம், இ.டி.டி.ஏ. டைசோடியம் உப்பு (இரு நீர் மூலக்கூறு கொண்டது) 0.37 கிராம். ட்ரிஸ் குளிரக் குளிரப் பிஎச் ஏறும் பஃபர். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.028. அறை வெப்பத்தில் 7.4 என்று வைத்தால் 4 டிகிரியில் அது ஏறக்குறைய 8.0 ஆகியிருக்கும். எனவே கரைசலை ஐஸில் வைத்து, குளிர்ந்த பிறகே பிஎச் சரிசெய்யுங்கள். சுக்ரோஸ் கரைசலில் பாக்டீரியா எளிதில் வளரும். ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டுமென்றால் உறையவைத்து விடுங்கள்.

விலங்கு

இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், நிறுவன விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இல்லாமல் ஒரு எலியைக்கூட ஆய்வுக்குப் பயன்படுத்தக் கூடாது. உயிர்நீக்கும் முறை அந்த ஒப்புதலில் குறிப்பிட்டபடியே இருக்க வேண்டும், பயிற்சி பெற்றவரே அதைச் செய்ய வேண்டும். விண்ணப்பத்தில் எண்ணிக்கை எழுதும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 200 கிராம் எடையுள்ள எலியின் கல்லீரல் சுமார் 8 கிராம் இருக்கும், இரு சிறுநீரகங்களும் சேர்ந்து 1.5 கிராமுக்குச் சற்று மேல் வரும். கல்லீரல் வேலைக்கு ஒரு எலி ஒரு முழுப் பிரிப்புக்குத் தாராளமாகப் போதும். சிறுநீரகப் புறணிக்கு, அதாவது அதன் வெளி அடுக்குக்கு, இரண்டு மூன்று எலிகளுடையதைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

ஒரே பாலினம், ஒத்த எடை, ஒரே நேரம் என்ற ஒழுங்கு வெறும் சம்பிரதாயமல்ல. ஆண் எலியின் கல்லீரல் ஆல்ஃபா-2யூ-குளோபுலின் என்ற புரதத்தைச் சுரக்கிறது. அது சிறுநீரக லைசோசோம்களில் சேர்கிறது. ஆணையும் பெண்ணையும் கலந்து லைசோசோம் நொதிகளை அளந்தால், சிகிச்சையால் வந்த வேறுபாடு எது, பாலினத்தால் வந்தது எது என்று பிரித்தறிய முடியாது.

முந்தைய இரவு முழுதும், 16 முதல் 18 மணி நேரம், தீவனத்தை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். கல்லீரலிலுள்ள கிளைகோஜனைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. உணவுண்ட எலியின் கிளைகோஜன் மைக்ரோசோமோடு (எண்டோபிளாச வலை கிழிந்து உண்டாகும் சிறு துண்டுகளோடு) சேர்ந்து இறங்கி, படிவின் அடியில் கண்ணாடி போன்ற ஒரு வட்டாக உட்காரும்.

உயிர் நீங்கிய கணத்திலிருந்து உறுப்பு ஐஸுக்குள் போகும் வரை 2 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. போர்ட்டல் சிரை வழியே ஐஸ் குளிரிலிருக்கும் 0.9 விழுக்காடு உப்புநீரைச் செலுத்துங்கள். கல்லீரல் செந்நிறம் போய் வெளிர்ந்த பழுப்பாகும் வரை செலுத்தினால் போதும். இதைத் தவிர்த்தால் ஹீமோகுளோபின் எல்லாப் பின்னங்களிலும் (பிரித்தெடுக்கும் ஒவ்வொரு பகுதியிலும்) கலக்கும். மைக்ரோசோமில் உள்ள சைட்டோகுரோம் பி-450 நொதியை அளப்பவர்களுக்கு இது பெரும் தொல்லை. ரத்தச் சிவப்பணுக்களில் கேட்டலேஸ் நிறைய உண்டு என்பதால் பெராக்சிசோம் கணக்கும் கெடும்.

அரைத்தல்

கல்லீரலை எடைபோட்டு, ஐஸ் மேல் வைத்த பெட்ரி தட்டில் கத்தரிக்கோலால் 2-3 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு கிராமுக்கு 3 மி.லி. கரைசல் என்ற அளவில் பாட்டர்-எல்வேஜெம் ஹோமோஜினைசரில் போடுங்கள். கண்ணாடிக் குழாய், டெஃப்ளான் உலக்கை. இரண்டுக்கும் இடைவெளி 0.1 முதல் 0.15 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மோட்டாரை நிமிடத்துக்கு 800 முதல் 1,000 சுற்றில் ஓடவிட்டு, கண்ணாடிக் குழாயை மேலும் கீழுமாக 3 முதல் 5 முறை நகர்த்தினால் போதும். கைக்கு வெதுவெதுப்புத் தட்டும்படி ஆகக் கூடாது; குழாயை ஐஸ் பீக்கருக்குள் வைத்தே பிடியுங்கள்.

நன்றாக அரைபடட்டும் என்று பத்துப் பன்னிரண்டு முறை ஓட்டுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. செல்கள் உடைந்த பின்னும் ஓட்டினால் செல்லுக்குள் இருக்கும் உறைகள் உடையத் தொடங்கும். முதலில் உடைவன லைசோசோமும் பெராக்சிசோமும். உட்கருக்கள் கிழிந்தால் டி.என்.ஏ. வெளியேறிக் கலவை கோழை போல இழுபடும். அதன்பின் எந்தப் பின்னமும் சரியாகப் பிரியாது. குழாயை வேகமாகக் கீழே இழுத்தால் உலக்கையின் அடியில் வெற்றிடம் உண்டாகிக் காற்று புகுந்து நுரைக்கும். நுரையின் பரப்பில் புரதம் இயல்பு மாறும். எனவே கீழே இழுக்கும்போது வேகம் வேண்டாம்.

இடைவெளி தேய்ந்து அகன்ற பழைய உலக்கை வேறு விதமாகக் கெடுக்கும்: முழுச் செல்கள் உடையாமல் நின்று, முதல் படிவிலேயே பாதி மைட்டோகாண்ட்ரியா போய்விடும். ஒரு துளியை மெத்திலீன் நீலம் சேர்த்து நுண்ணோக்கியில் பாருங்கள். தனித்த உட்கருக்கள் நிறையவும் முழுச் செல்கள் அரிதாகவும் தெரிந்தால் அரைப்பு சரி.

அரைத்ததை இரட்டை மஸ்லின் துணியில் வடியுங்கள். இதிலிருந்து 2 மி.லி. தனியே எடுத்து ‘முழு ஹோமோஜினேட்’ என்று பெயரிட்டு ஐஸில் வைத்துவிடுங்கள். கடைசிக் கணக்கு முழுவதும் இந்த 2 மி.லி.யை நம்பித்தான் நிற்கிறது. இதை எடுக்க மறந்தால் அன்றைய வேலை முழுவதும் வீண்.

சுழற்றுதல்

சென்ட்ரிஃபியூஜில் ‘நிமிடச் சுற்று’ எவ்வளவு என்று எழுதி வைப்பது அடுத்த ஆய்வகத்துக்கு உதவாது. புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று சொல்லும் ஜி என்ற விசை அளவையே எழுதுங்கள்:

ஜி = 1.118 × 10⁻⁵ × ஆரம் (செ.மீ.) × (நிமிடச் சுற்று)²

10 செ.மீ. ஆரமுள்ள ரோட்டரில் 600 ஜி வர நிமிடத்துக்குச் சுமார் 2,320 சுற்று தேவை; 10,000 ஜி-க்குச் சுமார் 9,460. 8 செ.மீ. ஆரத்தில் 1,05,000 ஜி-க்கு ஏறக்குறைய 34,300. அந்த ஆரம் சராசரியா, குழாயின் அடிவரை அளந்ததா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்; இரண்டுக்கும் கணிசமான வேறுபாடு உண்டு.

பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் டி டுவ் குழு 1955-இல் வகுத்த ஐந்து பின்னத் திட்டமே கல்லீரலுக்கு இன்றும் அடிப்படை. அதைச் சிறு மாறுதலோடு கீழே தருகிறோம். எல்லாம் 4 டிகிரியில். ரோட்டரை முதல் நாளே குளிரறையில் வைத்துவிடுங்கள்.

1. உட்கருப் பின்னம்: 600 ஜி, 10 நிமிடம். மேல்நீரை ஊற்றி எடுத்துக்கொண்டு, படிவைக் கிராமுக்கு 2 மி.லி. கரைசலில் உலக்கையால் ஒரே முறை கலக்கி மறுபடி சுழற்றுங்கள். இரண்டு மேல்நீரையும் சேர்த்துக் கிராம் கல்லீரலுக்கு 10 மி.லி. என்ற அளவுக்கு நிரப்புங்கள்.

2. கன மைட்டோகாண்ட்ரியப் பின்னம்: 3,300 ஜி, 10 நிமிடம். இரண்டு முறை கழுவுங்கள். கழுவிய நீர் மேல்நீரோடு சேர வேண்டும், தொட்டிக்குப் போகக் கூடாது.

3. இலகு மைட்டோகாண்ட்ரியப் பின்னம்: 12,500 ஜி, 20 நிமிடம். ஒரு முறை கழுவுதல். லைசோசோமும் பெராக்சிசோமும் செறிவது இங்கேதான்.

4. மைக்ரோசோம்: 1,05,000 ஜி, 60 நிமிடம். ஒரு முறை கழுவுதல்.

5. மிஞ்சிய மேல்நீர் கரையும் பின்னம், அதாவது சைட்டோசால்.

விசையையும் நேரத்தையும் பெருக்கி வரும் ‘ஜி-நிமிடம்’தான் எது இறங்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மூன்றாம் படியின் 12,500 × 20 என்பது 2,50,000 ஜி-நிமிடம். உங்கள் ரோட்டர் 25,000 ஜி தாங்குமென்றால் 10 நிமிடம் போதும்.

ஒவ்வொரு சுழற்சிக்குப் பிறகும் மேலே வெண்மையாகக் கொழுப்புப் படலம் மிதக்கும். ஊற்றுவதற்கு முன் பாஸ்டர் பிப்பெட்டால் உறிஞ்சி எடுங்கள். குழாயின் உட்சுவரில் ஒட்டியதைப் பஞ்சு சுற்றிய குச்சியால் துடையுங்கள். மைட்டோகாண்ட்ரியப் படிவின் மேல் இளஞ்சிவப்பு கலந்த வெண்ணிறத்தில் தளர்ந்த ஒரு படலம் நிற்கும். அதில் உடைந்த மைட்டோகாண்ட்ரியாவும் மைக்ரோசோமும்தான் அதிகம். குழாயை மெல்லச் சுழற்றி அந்தப் படலத்தை மட்டும் மேல்நீரோடு சேர்த்துவிடுங்கள். கீழேயுள்ள அடர் பழுப்பு அசையாமல் இருக்க வேண்டும். சென்ட்ரிஃபியூஜின் பிரேக்கை நிறுத்தி வைத்தால் இந்தப் படலம் கலங்காமல் கிடைக்கும்.

படிவைக் கரைப்பதிலும் ஒரு கைப்பழக்கம் தேவை. முதலில் இரண்டு மூன்று துளி மட்டும் விட்டு, கண்ணாடிக் குச்சியால் குழைத்துப் பசை போலாக்குங்கள். பிறகு சிறிது சிறிதாக நீர்க்கச் செய்யுங்கள். மொத்தக் கரைசலையும் ஊற்றி வோர்டெக்ஸில் ஆட்டினால் கட்டிகள் அப்படியே நிற்கும். கட்டிக்குள் மாட்டிக்கொண்ட மைக்ரோசோம் எத்தனை முறை கழுவினாலும் வெளியே வராது.

தூய உட்கருக்கள் தேவை என்றால் மேற்கண்ட கரைசல் ஆகாது. இ.டி.டி.ஏ. உட்கருவை ஊதிப் பிசுபிசுக்க வைக்கும். 3 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு கலந்த 2.2 மோலார் சுக்ரோஸில் அரைத்து 40,000 ஜி-யில் ஒரு மணி நேரம் சுழற்றினால் உட்கருக்கள் மட்டும் அடர்ந்த சுக்ரோஸைத் துளைத்து இறங்கும். மற்றவை மேலே மிதக்கும்.

அல்ட்ராசென்ட்ரிஃபியூஜ் இல்லாவிட்டால்

கல்லூரி ஆய்வகங்களில் 1,05,000 ஜி கிடைப்பது அரிது. மைக்ரோசோம்களைக் கால்சியத்தால் ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் குறைந்த விசையில் இறக்கிவிடலாம். அரைக்கும் கரைசலில் இ.டி.டி.ஏ.யை விட்டுவிடுங்கள். மூன்றாம் படியின் மேல்நீரில் கால்சியம் குளோரைடை 8 மில்லிமோலார் வரும்படி சொட்டுச் சொட்டாகச் சேர்த்து, ஐஸில் 5 நிமிடம் கலக்கி, 25,000 ஜி-யில் 15 நிமிடம் சுழற்றுங்கள். பி-450, குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் வேலைகளுக்கு இது போதுமானது. கால்சியம் பம்ப் போன்ற, கால்சியத்தால் மாறும் எதையும் இந்தப் படிவில் அளக்காதீர்கள். மேல்நீரை சைட்டோசால் என்று எடுப்பவர்கள் அதில் கால்சியம் இருப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீரகத்துக்கு வேறு கை வேண்டும்

கல்லீரலின் செல் எடையில் பெரும்பங்கு ஒரே வகைச் செல். சிறுநீரகத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் செல் வகை மாறுகிறது. உறையை உரித்து, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, வெளியே உள்ள செம்பழுப்புப் புறணியை மெல்லிய தகடுகளாகச் சீவி எடுங்கள். அதற்குள்ளே இருக்கும் கருஞ்சிவப்புப் பட்டையோ வெளிறிய நுனியோ அதில் வரக் கூடாது. முழுச் சிறுநீரகத்தை அரைத்து வரும் எண்கள் எந்தச் செல்லையும் பற்றிச் சொல்வதில்லை.

நார்த்திசு அதிகம் என்பதால் உலக்கை 6 முதல் 8 முறை ஓட வேண்டியிருக்கும். புறணியின் லைசோசோம்களில் ஒரு பங்கு மிகப் பெரியவை. அவை 600 ஜி படிவிலேயே இறங்கிவிடும். ‘லைசோசோம் இலகு பின்னத்தில்தான் இருக்கும்’ என்ற கல்லீரல் பாடத்தை இங்கே அப்படியே பொருத்தாதீர்கள். எலிக் கல்லீரலின் பெராக்சிசோமுக்கு அடையாளமாக அளக்கும் யூரேட் ஆக்சிடேஸ் எலிச் சிறுநீரகப் பெராக்சிசோமில் இல்லை. இங்கே கேட்டலேஸ்தான் வழி.

குளூட்டாதையோன் அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சிறுநீரகத் தூரிகை விளிம்பில் (நுண்குழல் செல்களின் உட்பக்கச் சவ்வில்) காமா-குளூட்டமைல் டிரான்ஸ்பெப்டிடேஸ் ஏராளம். அரைத்த கணத்திலிருந்தே அது குளூட்டாதையோனைச் சிதைக்கும். பின்னங்கள் பிரித்து முடித்த பிறகு அளக்கும் எண் பொய். திசுவை நேரடியாக அமிலத்தில் அரைத்துப் புரதத்தை நீக்கிய மாதிரிதான் நம்பத்தக்கது.

தூரிகை விளிம்புச் சவ்வைப் பிரிப்பது சிறுநீரக வேலையில் மிகவும் நிறைவு தருவது. மெக்னீசியம் அல்லது கால்சியம் அயனி மற்றச் சவ்வுகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். தூரிகை விளிம்பு மட்டும் ஒட்டாமல் மிதக்கும். முறை: புறணி ஒரு கிராமுக்கு 10 மி.லி. வீதம் 10 மில்லிமோலார் மானிட்டால், 2 மில்லிமோலார் ட்ரிஸ், பிஎச் 7.1. பிளேடு சுழலும் ஹோமோஜினைசரில் 2 நிமிடம், நடுவே நிறுத்தி ஐஸில் ஆறவிட்டு அரையுங்கள். முழு உறுப்புகளைக் காக்க வேண்டியதில்லை, சவ்வைத் துண்டாக்கவே அரைக்கிறோம். ஆகவே இங்கே வன்மை பரவாயில்லை. 1 மோலார் மெக்னீசியம் குளோரைடை நூற்றில் ஒரு பங்கு சேர்த்தால் 10 மில்லிமோலார் ஆகும். ஐஸில் 15 நிமிடம், இடையிடையே கலக்கியபடி. 1,500 ஜி, 12 நிமிடம், படிவை விலக்குங்கள். மேல்நீரை 15,000 ஜி, 12 நிமிடம். கிடைத்த படிவைப் பாதி அளவு கரைசலில் கரைத்து, மெக்னீசியம் சேர்ப்பதிலிருந்து மறுபடி ஒரு சுற்று.

கடைசிப் படிவின் நடுவில் பழுப்புப் பொட்டு ஒன்று இருக்கும், அது மைட்டோகாண்ட்ரியா. சுற்றியுள்ள வெண்ணிறத் தளர்ந்த பகுதிதான் நமக்கு வேண்டியது. கல்லீரலில் தள்ளிவிட்ட அதே தளர்ந்த படலத்தை இங்கே காப்பாற்ற வேண்டும், பழக்கதோஷத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

சோதிக்கக் கார பாஸ்படேஸையும் சோடியம்-பொட்டாசியம் ஏடிபேஸையும் சேர்த்தே அளவிடுங்கள். முதலாவது பல மடங்கு ஏற வேண்டும். அதே செல்லின் பக்கங்களிலும் அடியிலும் உள்ள சவ்வின் (பக்க-அடிச் சவ்வின்) அடையாளமான இரண்டாவது ஏறாமல் இருக்க வேண்டும். ஏடிபேஸை, அதைத் தடுக்கும் ஊவபெயின் சேர்த்தும் சேர்க்காமலும் அளந்து வேறுபாட்டை எடுக்கிறோம். எலியின் சிறுநீரக ஏடிபேஸ் ஊவபெயினுக்கு எளிதில் மசியாது. வேறு விலங்குகளுக்கு எழுதிய முறையைப் பார்த்து 0.1 மில்லிமோலார் போட்டால் நொதியில் கணிசமான பகுதி ஓடிக்கொண்டேயிருக்கும். 1 முதல் 2 மில்லிமோலார் வேண்டும்.

புரதம் அளத்தல்

லோரி முறைக்கு ட்ரிஸும் இ.டி.டி.ஏ.யும் எதிரிகள். இ.டி.டி.ஏ. செம்பைப் பிடித்துக்கொள்வதால் பி.சி.ஏ. முறையும் தடுமாறும். டிரைக்குளோரோ அசிட்டிக் அமிலத்தால் புரதத்தை வீழ்த்தி, படிவை 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரைத்து லோரி செய்யலாம். பிராட்ஃபோர்டு முறை சுக்ரோஸைப் பொறுக்கும், டிரைட்டான் போன்ற சலவைப் பொருளைப் பொறுக்காது. எதைச் செய்தாலும் ஹோமோஜினேட் முதல் சைட்டோசால் வரை ஒரே முறை, ஒரே நாள். தரக்கோட்டுக்கு (தெரிந்த அளவுகளை வைத்து வரையும் ஒப்புக்கோட்டுக்கு) எடுக்கும் அல்புமினையும் அதே சுக்ரோஸ் கரைசலில் கரையுங்கள்.

அடையாள நொதிகள்

குறைந்தது நான்கு வேண்டும்: மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சக்சினேட் டீஹைட்ரோஜினேஸ், லைசோசோமுக்கு அமில பாஸ்படேஸ், மைக்ரோசோமுக்குக் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ், சைட்டோசாலுக்கு லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ்.

சக்சினேட் டீஹைட்ரோஜினேஸ்: 50 மில்லிமோலார் பாஸ்பேட் பிஎச் 7.4, 50 மில்லிமோலார் சோடியம் சக்சினேட், 0.1 விழுக்காடு ஐ.என்.டி. சாயம், நொதி உட்பட மொத்தம் 1 மி.லி. 37 டிகிரியில் 15 நிமிடம். 10 விழுக்காடு டிரைக்குளோரோ அசிட்டிக் அமிலம் 1 மி.லி. விட்டு நிறுத்தி, உண்டான சிவப்பு ஃபார்மசானை 4 மி.லி. எதில் அசிட்டேட்டில் பிரித்தெடுத்து 490 நேனோமீட்டரில் படியுங்கள். சக்சினேட் இல்லாத குழாய் ஒவ்வொரு பின்னத்துக்கும் தனித்தனியே வேண்டும். மாதிரியை ஒரு முறை உறையவைத்து உருக்கினால் சாயமும் சக்சினேட்டும் தடையின்றி உள்ளே போகும். சாயம் சேர்ப்பதற்கு முன் 5 நிமிடம் சக்சினேட்டோடு வைத்தால் நொதியில் ஒட்டியிருக்கும் ஆக்சலோ அசிட்டேட் விலகும்.

குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ்: 0.1 மோலார் மாலியேட் பஃபர் பிஎச் 6.5 0.3 மி.லி., 0.1 மோலார் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் 0.1 மி.லி., மாதிரி 0.1 மி.லி.; 37 டிகிரியில் 15 நிமிடம்; 10 விழுக்காடு டிரைக்குளோரோ அசிட்டிக் அமிலம் 1 மி.லி. விட்டு நிறுத்துங்கள். சிறுநீரகத்தில் மற்றப் பாஸ்படேஸ்களும் இந்தப் பொருளை உடைக்கும். இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மாதிரியின் ஒரு பகுதியைப் பிஎச் 5.0-இல், 37 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் அதில் செத்துவிடும், மற்றவை பெரும்பாலும் பிழைக்கும். எஞ்சும் செயல்பாட்டைக் கழித்துவிடுங்கள்.

பாஸ்பேட்டை ஃபிஸ்கே-சுப்பாராவ் முறையில் அளவிடலாம். 1925-இல் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயோடு இதை வெளியிட்ட எல்லாப்பிரகட சுப்பாராவ் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். புரதம் நீக்கிய நீர் 1 மி.லி., தண்ணீர் 3.3 மி.லி., 2.5 மோலார் கந்தக அமிலத்தில் கரைத்த 2.5 விழுக்காடு அம்மோனியம் மாலிப்டேட் 1 மி.லி., அமினோநாஃப்தால் சல்ஃபோனிக் அமிலக் கரைசல் 0.4 மி.லி.; 10 நிமிடம் கழித்து 660 நேனோமீட்டர். 35.1 மி.கி. பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டை 100 மி.லி. நீரில் கரைத்தால் மி.லி.க்கு 80 மைக்ரோகிராம் பாஸ்பரஸ். அதை நீர்க்கச் செய்து தரக்கோடு போடுங்கள். சிட்ரேட் பஃபர் நிறத்தைத் தடுக்கும். பாஸ்பேட் கலந்த சோப்பில் கழுவினால், மாதிரி சேர்க்காத வெற்றுக் குழாயே நீலமாகும். அமிலத்தில் ஊறவைத்த குழாய்களையே பயன்படுத்துங்கள்.

அமில பாஸ்படேஸ்: 50 மில்லிமோலார் அசிட்டேட் பிஎச் 5.0, 50 மில்லிமோலார் பீட்டா-கிளிசரோபாஸ்பேட், 37 டிகிரியில் 10 நிமிடம். பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட் மலிவானது, மஞ்சள் நிறம் உடனே தெரியும். ஆனால் கல்லீரல் சைட்டோசாலின் பாஸ்படேஸ்களும் அதை உடைப்பதால் லைசோசோம் முழுதும் உடைந்துவிட்டது போலத் தோன்றும். அந்தப் பொருளைத்தான் பயன்படுத்தியாக வேண்டுமென்றால் டார்ட்ரேட்டால் தடைபடும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

லைசோசோம் முழுமையாக இருக்கிறதா என்பதைச் சோதிக்க இதே நொதியை இரண்டு விதமாக அளக்க வேண்டும். ஒரு குழாயில் 0.25 மோலார் சுக்ரோஸ் மட்டும். இன்னொன்றில் கூடுதலாக 0.1 விழுக்காடு டிரைட்டான் எக்ஸ்-100. முதலாவது வெளியே கசிந்ததை மட்டும் காட்டும், இரண்டாவது மொத்தத்தை. நல்ல கல்லீரல் ஹோமோஜினேட்டில் கசிவு மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். டி டுவ் குழுவினர் லைசோசோம் என்ற ஒன்று இருப்பதையே இந்த வேறுபாட்டிலிருந்துதான் கண்டறிந்தார்கள்: புதிதாக அரைத்ததில் குறைவாக இருந்த செயல்பாடு, சில நாள் குளிர்பெட்டியில் வைத்த பிறகு பல மடங்கு ஏறியிருந்தது. கசிவு 30 விழுக்காட்டைத் தாண்டினால் அரைப்பு அதிகம், அல்லது உறுப்பு சூட்டில் கிடந்திருக்கிறது. டிரைட்டான் மாலிப்டேட்டோடு கலங்கலாம். ஆகவே நிறுத்திய பிறகு முதல் குழாயிலும் வெற்றுக் குழாயிலும் அதே அளவு டிரைட்டானைச் சேர்த்துச் சமப்படுத்துங்கள்.

லாக்டேட் டீஹைட்ரோஜினேஸை 340 நேனோமீட்டரில் என்.ஏ.டி.எச். குறைவதைக் கொண்டு, மில்லிமோலார் உறிஞ்சு கெழு 6.22 என்று வைத்து அளப்பது எல்லோரும் அறிந்தது. கல்லீரல் வகை லாக்டேட் டீஹைட்ரோஜினேஸ் உறைநிலையைத் தாங்காது என்பதால் அன்றே அளந்துவிடுங்கள். கேட்டலேஸுக்கு 50 மில்லிமோலார் பாஸ்பேட் பிஎச் 7.0-இல் 100 மி.லி.க்கு 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 மி.லி.; 240 நேனோமீட்டர். கல்லீரலில் அது மிக அதிகம். 500 மடங்காவது நீர்க்கச் செய்யாவிட்டால் அளக்கத் தொடங்குமுன்பே முடிந்துவிடும், குமிழ்களும் கியூவெட்டில் ஒட்டிக்கொள்ளும்.

கணக்கு

கணக்கைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டு. ஹோமோஜினேட்டில் 1,500 மி.கி. புரதம், சக்சினேட் டீஹைட்ரோஜினேஸ் மொத்தம் 300 அலகு. கன மைட்டோகாண்ட்ரியப் பின்னத்தில் 240 மி.கி. புரதம், 180 அலகு. புரதத்தில் 16 விழுக்காடு, நொதியில் 60 விழுக்காடு. 60-ஐ 16-ஆல் வகுத்தால் 3.75, இதுதான் ஒப்புச் செறிவு. அதே பின்னத்தில் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ் 6 விழுக்காடு என்றால் அதன் ஒப்புச் செறிவு 0.38. இந்த இரு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால்தான் படிவுக்கு மைட்டோகாண்ட்ரியா என்ற பெயர் பொருந்தும், 3.75 மட்டும் போதாது.

அடுத்தது மீட்சி. ஐந்து பின்னங்களின் நொதியைக் கூட்டுங்கள்: 18, 60, 9, 4, 1 என்று வந்தால் 92 விழுக்காடு. 90-க்கும் 110-க்கும் இடையில் இருந்தால் கணக்கை நம்பலாம். 70 வந்தால் நொதி வழியில் செத்திருக்கலாம், அல்லது நொதி இயங்கத் தேவையான துணைப்பொருள் வேறு பின்னத்துக்குப் போயிருக்கலாம். எல்லாப் பின்னங்களையும் முதலில் இருந்த விகிதத்தில் மறுபடி கலந்து அளவிடுங்கள். செயல்பாடு திரும்பினால் காரணம் துணைப்பொருள். 130 வந்தால் பெரும்பாலும் ஹோமோஜினேட்டின் அளவீடுதான் குறைவாக வந்திருக்கும்: நொதி அதிகமாகப் போட்டதால் அது மாற்றும் வினைபொருள் தீர்ந்துவிட்டது, அல்லது உறைகள் முழுதும் திறக்கவில்லை. மாதிரியின் அளவைப் பாதியாக்கினால் நிறமும் பாதியாகிறதா என்று எல்லா நொதிக்கும் முன்கூட்டியே பார்த்து வைத்தால் இந்தத் தொல்லை வராது.

மருந்தோ நச்சோ கொடுத்த எலிகளை ஒப்பிடும்போது ஒப்பீட்டு எலியையும் (அவை எதுவும் கொடுக்காத எலியையும்) அதே நாளில், அதே ரோட்டரில் பிரியுங்கள். அடையாள நொதியே சிகிச்சையால் மாறக்கூடும் என்பதையும் எதிர்பாருங்கள். கார்பன் டெட்ராகுளோரைடு குளுக்கோஸ்-6-பாஸ்படேஸை அழிக்கிறது. அந்த எலியின் மைக்ரோசோமில் அது குறைந்திருப்பதைப் பார்த்து மைக்ரோசோம் நழுவிவிட்டது என்று முடிவு கட்டினால் தவறு. அந்த நச்சுக்கு அவ்வளவாகப் பணியாத என்.ஏ.டி.பி.எச்.-சைட்டோகுரோம் சி ரிடக்டேஸை இரண்டாவது அடையாளமாகச் சேர்த்து அளவிடுங்கள். ஃபீனோபார்பிட்டால் கொடுத்த எலியில் அந்த ரிடக்டேஸே ஏறும். அங்கே ஒப்பீட்டு எலியின் எண்ணோடு ஒப்பிடாமல், அந்தந்த எலியின் ஹோமோஜினேட்டையே நூறு விழுக்காடாக வைத்துப் பங்கிட வேண்டும்.